ஆர்ட்டிகிள் 25, கடைசி பீரியட்

கரும்பலகையின் இடது மூலையில் ‘ஹீபர் ஹால் 3 – தாமஸ் ஹால் 1’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். மேடம் அதை அழிக்கவில்லை. மிச்ச இடத்தில் 6–12–1948 என்று எழுதிவிட்டு சாக்பீஸைக் கீழே வைக்கிறார்.

“டிசம்பர் ஆறா மேம்?” என்கிறான் முன்வரிசைப் பையன். அவன் நினைப்பது 1956, அம்பேத்கர் மறைந்த நாளை. பக்கத்தில் இருப்பவன் “நைன்ட்டி டூ” என்று முணுமுணுக்கிறான்.

“ரெண்டும் இல்லடா. இது அதுக்கெல்லாம் முந்தின ஆறாம் தேதி.”

தாம்பரம், சென்னைக் கிறித்தவக் கல்லூரி. தெரிந்தவர் ஒருவர் சொல்லி எனக்குக் கடைசி பெஞ்சில் ஓர் இடம் கிடைத்தது. வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. வெளியே மரங்கள். சேலையூர்க் காட்டை வாங்கி 1937-ல் இங்கே குடிவந்த கல்லூரி இது. காட்டின் ஒரு பகுதியை இன்னும் காடாகவே விட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் சாப்பாட்டுக்கு முந்தைய இந்த நேரத்திலும் அறைக்குள் வெயில் தெரியவில்லை, பசி மட்டும் தெரிகிறது. இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் டிபன் பாக்ஸைத் திறந்து மூடிப் பார்த்துக்கொள்கிறாள்.

ஜெராக்ஸ் தாள்கள் கைமாறிக் கடைசி வரிசைக்கு வந்து சேர்கின்றன. அரசியல் நிர்ணய சபையின் விவாதம். மத சுதந்திரம் பற்றிய பிரிவு, இப்போதைய 25, அன்று சபைக்கு வந்தது. மதத்தை நம்பலாம், கடைப்பிடிக்கலாம், பரப்பலாமா? அங்கேதான் தகராறு. ஆளுக்கொரு உறுப்பினரின் பேச்சைப் படிக்கச் சொல்லிப் பங்கு பிரித்துக் கொடுக்கிறார் மேடம்.

ஒரிசாவின் லோக்நாத் மிஸ்ரா ஓர் உயரமான பையனுக்குக் கிடைக்கிறார். பரப்பும் உரிமையை அடியோடு நீக்க வேண்டும் என்றவர் மிஸ்ரா. பையன் எழுந்து நின்று, கையை ஓங்கி, மேடைப் பேச்சாகவே படிக்கிறான், பெஞ்சுகளில் தட்டுகிறார்கள். கே.எம்.முன்ஷி கிடைத்த பெண் ஒரே குரலில், ரேஷன் கார்டில் பெயர் வாசிப்பதுபோல் படித்து முடிக்கிறாள். சிறுபான்மையினரோடு பேசி எட்டிய சமரசம் இது, கிறிஸ்தவர்களின் நம்பிக்கையில் பரப்புவது ஒரு பகுதி என்று முன்ஷி சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அதை மேடம் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று சபைக்குத் தலைமை தாங்கியவர் ஹெச்.சி.முகர்ஜி, வங்காளக் கிறிஸ்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்.

அடுத்து டி.டி.கிருஷ்ணமாச்சாரி. கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி மெதுவாகப் படிக்கிறாள். சுமார் பதினான்கு வருஷம் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தேன், யாரும் என்னை மதம் மாற்றப் பார்க்கவில்லை என்று டி.டி.கே. அந்தச் சபையில் சொல்லியிருக்கிறார்.

“மேம், அவர் நம்ம காலேஜ்!”

“ஆமா, நம்ம காலேஜ்தான். அப்போ ஜார்ஜ் டவுன்ல இருந்தது.”

ஒரு சின்ன ஆரவாரம். டி.டி.கே. ஏதோ நேற்று ஹாலைக் காலி செய்துவிட்டுப் போனவர் மாதிரி. அது அடங்குவதற்குள் ஜன்னலோரப் பையன் நிமிராமலே சொல்கிறான்: “அவர் பிராமணர் மேம். அவரை எப்படி மாத்துவாங்க?”

மேடம் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “நல்ல கேள்வி, எழுதி வை” என்கிறார். பிறகு வில்லியம் மில்லரிடம் போகிறார். 1862-ல் வந்து 1907 வரை கல்லூரியை நடத்திய ஸ்காட்லாந்துக்காரர். எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று கணக்குப் பார்ப்பது கல்லூரியின் வேலையல்ல, சிந்தனை ஊறினால் போதும் என்பது அவர் கட்சி. மிஷன்காரர்களில் சிலருக்கே அது பிடிக்கவில்லை; மேல்சாதிப் பிள்ளைகளுக்குப் பட்டம் வாங்கித் தரவா காணிக்கைப் பணம் என்று கேட்டார்கள். சட்ட மேலவை உறுப்பினர், பல்கலைக்கழகத் துணைவேந்தர் என்று மில்லரின் பதவிகள் வரும்போது இரண்டு கொட்டாவிகள்.

என் பக்கத்தில் இருப்பவன் திண்டிவனத்தை ஒட்டிய கிராமத்துக்காரன். மெலிந்த கை, பென்சிலால்தான் எழுதுகிறான். முந்தைய வரலாற்று வகுப்பில் எடுத்த குறிப்பு அவன் நோட்டில் திறந்தபடி கிடக்கிறது. ஓரத்தில் வருஷங்கள், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அம்புக்குறி.

1837, பின்னால் இந்தக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியை அர்மீனியன் தெரு வாடகை வீட்டில் ஜான் ஆண்டர்சன் தொடங்குகிறார். 1838, உயர்சாதி நெற்றிக்குறியோடு சில பறையர் சிறுவர்கள் அங்கே படிப்பது தெரிந்து மேல்சாதியார் கலவரப்படுகிறார்கள், அவர்களை நீக்கச் சொல்கிறார்கள், ஆண்டர்சன் மறுக்கிறார். 1841, இரண்டு மாணவர்கள் ஞானஸ்நானம். பள்ளி கிட்டத்தட்ட காலி. 1842, பச்சையப்ப முதலியார் விட்டுச்சென்ற பணத்தில் இந்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. 1844, கஜுலு லட்சுமிநரசு செட்டியின் ‘கிரசென்ட்’ பத்திரிகை. 1846, அரசுப் பள்ளியில் பைபிளைப் பாடமாக்க கவர்னர் ட்வீடேல் நினைக்க, செட்டியார் கூட்டம் கூட்டி எதிர்க்கிறார். 1852, சென்னை சுதேசிகள் சங்கம், பார்லிமென்டுக்கு மனு. அதாவது இந்த மாகாணத்தின் முதல் அரசியல் சங்கத்துக்குப் பின்னால் இருந்த கோபத்தில் ஒரு பங்கு, இதைப் போன்ற பள்ளிகளின் மேல் வந்த கோபம். அந்தக் கோபத்தின் வரலாற்றைப் பரீட்சைக்குரிய பாடமாக அதே கல்லூரி நடத்துகிறது. எனக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. பையனுக்கு அப்படி ஒன்றும் தோன்றியதாகத் தெரியவில்லை; 1846-க்குப் பக்கத்தில் ‘இம்பார்ட்டன்ட்’ என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருக்கிறான்.

கண்ணாடிப் பெண் டி.டி.கே.யை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள். அடுத்த பத்தியில் அவர் சொல்வது வேறு ரகம். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் கிறிஸ்தவரானால், மேல்சாதி இந்துவுக்குச் சமமான அந்தஸ்து பெறுகிறார்; ஜனங்கள் மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்; அந்தச் சமத்துவத்தை நாமே கொடுத்துவிட்டால் மாறுவதற்கான தூண்டுதல் பெரிதாக இருக்காது என்பது அவர் வாதம்.

“சமமாவா?” திருநெல்வேலிப் பேச்சு. முன்வரிசையின் மறுகோடியில் உட்கார்ந்திருக்கும் பெண். “எங்க ஊர்ப்பக்கம் வடக்கன்குளத்துல கோயிலுக்குள்ளயே சாதிக்கு ஒரு பக்கம்னு நடுவுல சுவர் வச்சிருந்தாங்க மேம். 1910-லதான் இடிச்சாங்க. அதுக்கும் கோர்ட்டுக்குப் போனாங்க, பிரிச்சே வைக்கணும்னு.”

“போய் என்ன ஆச்சு?”

“தோத்துட்டாங்க.” அதில் அவளுக்கு ஒரு திருப்தி.

அந்த வழக்கு மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்று 1917-ன் சட்ட அறிக்கையில் இருக்கிறது என்று மேடம் பலகையில் எழுதுகிறார். எல்லோரும் குனிந்து எழுதுகிறார்கள். பென்சில் பையன் எழுதவில்லை. தன் வருஷங்களின் அடியில், ஓர் அம்புக்குறியும் இல்லாமல், 1950 என்று போடுகிறான். ரப்பரை எடுக்கிறான், அழிக்காமல் கீழே வைக்கிறான். பிறகு கையை முழங்கை வரைக்கும் மட்டும் தூக்குகிறான்.

“மேம், எங்க பெரியப்பா பையன் எஸ்.சி. நான் பி.சி. ஒரே தெரு.”

திரும்பிப் பார்க்கிறார்கள். அவன் அதற்கு மேல் பேசவில்லை. 1950-ல் ஜனாதிபதி பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையை மேடம் விளக்குகிறார். இந்து அல்லாதவர் பட்டியலில் வர முடியாது என்றது அது. சீக்கியர்களுக்கு 1956-ல் கதவு திறந்தது, பௌத்தர்களுக்கு 1990-ல். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. சூசை என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1985-ல் தோற்றார். தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடருக்குக் கிடைப்பது பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். சொல்லும்போது மேடம் பலகையைப் பார்த்தே பேசுகிறார், பையனைப் பார்க்கவில்லை. அவனைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது என்பதில் கவனமாக இருக்கிறார் என்று பட்டது. நல்ல ஆசிரியர்.

உயரமான பையனுக்கு மிஸ்ராவின் வேஷம் இன்னும் கலையவில்லை. “அப்போ பரப்பலாம், மாத்தக் கூடாதா? என்ன மேம் லாஜிக்?” ஸ்டானிஸ்லாஸ் வழக்கு, 1977: பரப்பும் உரிமை வேறு, மதம் மாற்றும் உரிமை வேறு என்ற தீர்ப்பு. 2002-ல் தமிழ்நாட்டில் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமும், 2004 தேர்தல் தோல்விக்குப் பின் அது வாபஸான வேகமும் இரண்டு நிமிஷத்தில் கடந்து போகின்றன. டிபன் பாக்ஸ் மறுபடி ஒரு முறை திறந்து மூடுகிறது.

மேடம் பிரிவு 30-க்கு வருகிறார். சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை ஏற்படுத்தி நடத்தும் உரிமை. இந்தக் கட்டடம் நிற்பது அந்தப் பிரிவின் மேல். டி.எம்.ஏ.பாய் வழக்கு, 2002. யார் சிறுபான்மை என்பதை மாநிலத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும், நாட்டை வைத்து அல்ல.

இதுவரை ஒரு வார்த்தை பேசாத நாகாலாந்துப் பெண் ஆங்கிலத்தில் ஏதோ கேட்கிறாள். மேடம் “எல்லாருக்கும் கேக்குற மாதிரி” என்கிறார். அவள் எழுந்து நிற்கிறாள். எங்கள் மாநிலத்தில் நூற்றுக்கு எண்பத்தேழு பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள், அப்படியானால் எங்கள் ஊர் பாப்டிஸ்ட் கல்லூரிக்கு இந்த 30 கிடையாதா?

மேடம் உடனே பதில் சொல்லவில்லை. வகுப்பே பதில் சொல்ல ஆரம்பிக்கிறது. கிடையாது என்கிறான் ஜன்னலோரப் பையன், தீர்ப்பைப் படித்தால் அப்படித்தான் வருகிறதாம். “அப்போ அங்க இந்துக்கள் காலேஜ் வச்சா மைனாரிட்டி காலேஜா?” என்று திருநெல்வேலிப் பெண் கேட்க, “ஆமா, ஏன் கூடாது?” என்று உயரமானவன் பாய்கிறான். மிஸ்ராவாக இருந்தவன் ஒரு நொடியில் சிறுபான்மை வக்கீல். “371-ஏ இருக்கே” என்கிறாள் நாகாலாந்துப் பெண். நாகர்களின் மத, சமூக வழக்கங்களைத் தொடும் மத்தியச் சட்டம் எதுவும் அவர்கள் சட்டமன்றம் ஒப்புக்கொள்ளாமல் அங்கே செல்லாது. காலேஜ் நடத்துவது வழக்கமா, வழக்கம் இல்லையா? நாலு பேர் ஒரே நேரத்தில். பென்சில் பையன் இப்போதுதான் சிரிக்கிறான்.

மணி அடிக்கிறது. யாரும் எழுந்திருக்காததால் மேடமே குரலை உயர்த்துகிறார்.

“திங்கட்கிழமை அசைன்மென்ட். பிரிவு 30, நாகாலாந்து. அஞ்சு பக்கம்.”

“மேம், அவ கேட்ட கேள்விக்கு நாங்க ஏன் எழுதணும்?”

“ஏன்னா நானும் யோசிக்கணும்.”

“சொந்தக் கருத்து எழுதலாமா மேம்?”

“எழுது. முதல்ல கேஸ் பேரைத் தப்பில்லாம எழுது.”