சிரிக்காமல் படிக்க வேண்டிய நகைச்சுவை

நகைச்சுவை நாடகம் ஒன்றை எடுத்து நடிகர்களோடு வட்டமாக உட்கார்ந்து படிக்கும்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முதல் வாசிப்பில் யாரும் சிரிப்பு வரவழைக்கப் பார்க்க வேண்டாம். ஆன்-மேரி மக்டொனால்டின் ‘குட்நைட் டெஸ்டிமோனா (குட் மார்னிங் ஜூலியட்)’ நாடகத்தை எடுத்தபோது இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பிரதியில் பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு தயாராகக் காத்திருக்கிறது. அதை அள்ளிக்கொள்ளும் அவசரத்தில், ஒவ்வொரு சிரிப்பும் ஒரு சாவை ஒட்டித்தான் நிற்கிறது என்பதைத் தவறவிட்டுவிடுவோம்.

1988இல் டொராண்டோவில் நைட்வுட் தியேட்டர் என்ற பெண்ணிய நாடகக் குழு மேடையேற்றிய நாடகம் இது. 1990இல் கனடாவின் கவர்னர் ஜெனரல் விருதைப் பெற்றது. கிங்ஸ்டன் நகரின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியையாக இருக்கும் கான்ஸ்டன்ஸ் லெட்பெல்லிதான் நாயகி. ‘ஒத்தெல்லோ’வும் ‘ரோமியோ ஜூலியட்’டும் ஆதியில் வேறு யாரோ எழுதிய நகைச்சுவை நாடகங்கள், அவற்றிலிருந்த அறிவுள்ள விதூஷகனை ஷேக்ஸ்பியர் நீக்கிவிட்டதால்தான் அவை சோகமாக முடிகின்றன என்று நிரூபிக்கப் பார்க்கிறாள். யாரும் வாசித்து முடிக்காத ஒரு பழைய கையெழுத்துப் பிரதியில் அதற்கு ஆதாரம் இருக்கிறது என்பது அவள் நம்பிக்கை. பேராசிரியர் கிளாட் நைட்டுக்குக் கட்டுரைகளை எழுதித் தருகிறவளும் அவள்தான்; பெயரும் புகழும் அவருக்கு. ஒருநாள் அவள் ஏங்கிய ஆக்ஸ்போர்டு வாய்ப்பு கைநழுவுகிறது. மனசுக்குள் நேசித்த நைட் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளப் போவதும் தெரிகிறது. தன் பொருள்களையெல்லாம் குப்பைக்கூடையில் போடுகிறாள். கூடை அவளையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. விழுகிற இடம் சைப்ரஸ் தீவு, ‘ஒத்தெல்லோ’வின் நட்டநடுப் பகுதி.

இந்த இடத்தில் நான் பிரதியை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, ‘ஒத்தெல்லோ’வின் முதல் அங்கம் மூன்றாம் காட்சியைப் படிக்கவைப்பேன். நம்மில் பலருக்கு டெஸ்டிமோனா என்றால் தலையணையில் மூச்சுத்திணறிச் செத்த அப்பாவிப் பெண். வகுப்பறைகள் அப்படித்தான் சொல்லித்தந்தன. ஆனால் அந்தக் காட்சியில் வெனிஸ் நகரின் பிரபுக்கள் கூடிய சபையில், பெற்ற தகப்பன் முன்னால், அவள் தன் திருமணத்தைத் தானே வாதாடி நிலைநாட்டுகிறாள். கணவன் போருக்குப் போகும் இடத்துக்குத் தானும் போவேன் என்கிறாள். அதற்கு முன்பே, ஒத்தெல்லோ தன் போர்க்கதைகளைச் சொல்லும்போது வீட்டு வேலைகளை அவசர அவசரமாக முடித்துவிட்டு ஓடிவந்து பசியோடு கேட்டவள் அவள். அப்படிப்பட்ட ஆணாகத் தன்னை வானகம் படைத்திருக்கலாமே என்று ஏங்கியதாக ஒத்தெல்லோவே சொல்கிறான். சைப்ரஸில் இறங்கியதும் அவளைப் போராளி என்றே கொஞ்சுகிறான்.

இதைப் படித்துவிட்டு மக்டொனால்டின் டெஸ்டிமோனாவிடம் வாருங்கள். வாள் சுழற்றுகிறாள், ரத்தக் கதைகளுக்கு ஆசைப்படுகிறாள், கான்ஸ்டன்ஸை அமேசான் வீராங்கனை என்று எண்ணித் தோள்மேல் கைபோடுகிறாள். முதலில் இது கேலிச்சித்திரமாகத் தெரியும். இரண்டு பிரதிகளையும் அடுத்தடுத்துப் படித்தவருக்கு அப்படித் தெரியாது. இந்த நாடகாசிரியர் புதிதாக எதையும் ஒட்டவைக்கவில்லை. மூலத்தில் முளைவிட்டு, பிறகு கருகிப்போன ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். சக இயக்குநர்களிடம் நான் விடாமல் வாதிடுவது இதைத்தான்: இந்த நாடகம் பகடி அல்ல, கூர்மையான ஷேக்ஸ்பியர் வாசிப்பு. அது கட்டுரையாக எழுதப்படாமல் நாடகமாக எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூலியட்டும் அப்படியே. பதினான்கு வயது நிறையாத சிறுமி. மாடக் காட்சியில் கல்யாணப் பேச்சை எடுப்பவள் அவள்தான், ரோமியோ அல்ல. அவனைக் கண்ட முதல் இரவிலேயே, அவன் மணமானவனாக இருந்தால் கல்லறையே தன் மணக்கட்டில் என்கிறாள். பாதிரியாரின் அறையில் கத்தியை எடுத்து நீட்டுகிறாள். காதலும் சாவும் அவளிடம் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கிடக்கின்றன. மக்டொனால்டின் ஜூலியட் சாகத் துடிப்பவளாக, யாரோடாவது சேர்ந்து சாக ஆள் தேடுபவளாக வருவது இங்கிருந்துதான்.

கதை திரும்பும் இடங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். டெஸ்டிமோனாமேல் கணவனுக்குச் சந்தேகம் மூட்ட இயாகோ ஒளித்துவைத்த அவள் கைக்குட்டையைக் கான்ஸ்டன்ஸ் அவன் உடையிலிருந்தே உருவி ஒத்தெல்லோவிடம் கொடுக்கிறாள். ஒரு பெருங்காவியச் சோகம் அங்கேயே சரிந்துவிடுகிறது. பிறகு ‘ரோமியோ ஜூலியட்’ நடக்கும் வெரோனாவுக்கு வந்துசேர்கிறாள்; அங்கே ஜூலியட்டின் உறவினன் டைபால்ட்டும் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவும் வாளோடு மோதும்போது குறுக்கே பாய்ந்து, ரோமியோவுக்கும் ஜூலியட்டுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, நீங்கள் இப்போது உறவுக்காரர்கள் என்று சொல்கிறாள். வாள்கள் தாழ்கின்றன. இரண்டு இடத்திலும் மூல நாடகத்துக்குள் யாரோ ஒருவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஒரு தகவல்தான் தேவைப்படுகிறது. கைக்குட்டையை இயாகோவிடம் எடுத்துக் கொடுத்த அவன் மனைவி எமிலியா சொல்லியிருக்கலாம். ரகசியமாக மணம் முடித்துக்கொண்ட ரோமியோ சொல்லியிருக்கலாம். அந்த மௌனங்களை முதலில் தொட்டு உணர்ந்த நடிகையால்தான் கான்ஸ்டன்ஸின் பதற்றத்தை நடிக்க முடியும்.

1693இலேயே தாமஸ் ரைமர் என்ற விமர்சகர், ஒரு கைக்குட்டைக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா என்று ‘ஒத்தெல்லோ’வைப் பரிகசித்தார். குறையாக அவர் சொன்னது உண்மையில் நல்ல கவனிப்பு. கோபக்காரக் கிழத்தகப்பன், வீட்டைவிட்டு ஓடும் மகள், பொறாமைக்காரக் கணவன், சூழ்ச்சிக்கார வேலையாள் என்று நகைச்சுவை நாடகத்தின் ஆட்கள் எல்லாரும் ‘ஒத்தெல்லோ’வில் இருக்கிறார்கள். ‘ரோமியோ ஜூலியட்’ மெர்குஷியோ சாகும்வரை நகைச்சுவையின் நடையில்தான் போகிறது. சூசன் ஸ்னைடர் 1979இல் எழுதிய புத்தகம் ஷேக்ஸ்பியரின் சோக நாடகங்களுக்கு அடியில் கிடக்கும் இந்த நகைச்சுவை அச்சைப் பற்றியதுதான். ஆக, கான்ஸ்டன்ஸின் கிறுக்குத்தனமான ஆராய்ச்சியில் நிஜம் நிறையவே இருக்கிறது.

மேடை வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பாத்திரப் பங்கீடு. மொத்த நாடகத்தையும் ஐந்தே நடிகர்கள் நடிக்க வேண்டும். கிளாட் நைட்டாக வரும் நடிகரே ஒத்தெல்லோ, டைபால்ட், ஜூலியட்டின் செவிலி. நைட் மணக்கவிருக்கும் ரமோனாவாக வருபவரே டெஸ்டிமோனா, மெர்குஷியோ. இதைச் சிக்கனம் என்று மட்டும் நினைத்தால் பாதி நாடகம் போய்விடும். தன்னைச் சுரண்டியவனின் முகத்தையே கான்ஸ்டன்ஸ் ஒத்தெல்லோவிடம் பார்க்கிறாள். தன் இடத்தைப் பறித்தவளின் முகத்தோடு டெஸ்டிமோனா வந்து அவளைத் தோழி என்கிறாள். அதனால் உடை மாற்றத்தில் நான் முகத்தை மறைக்க விடமாட்டேன். பார்வையாளர்களுக்கு அந்த முகம் அடையாளம் தெரிய வேண்டும்.

அடுத்தது யாப்பு. ஷேக்ஸ்பியரின் உலகத்தார் பத்து அசைகள் ஓடும் வரிகளில் பேசுகிறார்கள். கான்ஸ்டன்ஸ் உரைநடையில் தடுமாறிப் பேசியபடி உள்ளே வருகிறாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் பேச்சும் அந்தச் சீருக்குள் விழுகிறது. எந்த வரியில் அது நடக்கிறது என்று நடிகை தொடையில் தட்டிப் பார்த்துப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். அவள் தன் குரலைக் கண்டுபிடிப்பது அந்த வரிகளில்தான். உளவியலாளர் யுங்கின் கோட்பாட்டை வைத்து, கான்ஸ்டன்ஸ், டெஸ்டிமோனா, ஜூலியட் மூன்று பேரும் ஒரே மனத்தின் பகுதிகள் என்று விளக்குவோர் உண்டு. நாடகமே அதற்கு இடம் தருகிறது. கட்டுரை எழுத அது உதவும். மேடையில் நின்று அதை நடிக்க முடியாது; சீரை நடிக்க முடியும்.

வெரோனாப் பகுதியில் எல்லோரும் எல்லோர்மேலும் ஆசைப்பட்டு, உடை மாற்றி ஓடும் ஓட்டம் எனக்குக் கொஞ்சம் நீளம். ஆனால் அங்கே ஓர் ஆமைக் காட்சி இருக்கிறது. கல்யாணமான மறுநாளே அலுத்துப்போன ரோமியோவும் ஜூலியட்டும் வளர்ப்பு ஆமை யாருக்கு என்று சண்டைபோட்டு, ஆளுக்கொரு பக்கம் இழுத்து அதைப் பிய்த்துவிடுகிறார்கள். ஒருவருக்காக ஒருவர் உயிரை விட்டவர்கள் என்று உலகம் கொண்டாடும் இருவர். இந்தக் காட்சியை இரண்டு குழந்தைகளின் முழு ஆத்திரத்தோடு, கண்ணில் நீர் வர நடித்தால் அரங்கம் சிரிக்கும். சிரிக்கவைக்க நடித்தால் அசடு வழியும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்த நாடகத்தில் ஒத்தெல்லோ தற்பெருமை பேசும் படைத்தலைவனாகச் சுருங்கிப்போகிறான். அவன் கறுப்பன் என்பதும், அதனால் வெனிஸ் அவனை எப்படி நடத்தியது என்பதும் பின்னால் தள்ளப்படுகின்றன. டெஸ்டிமோனாவுக்குக் கிடைத்த விடுதலைக்கு அவன் விலை கொடுத்திருக்கிறான். இந்தக் குறையை அதே நைட்வுட் தியேட்டர் 1997இல் மேடையேற்றிய ஜானெட் சியர்ஸின் ‘ஹார்லம் டூயட்’ நேருக்குநேர் எதிர்கொள்கிறது. ஒத்தெல்லோ டெஸ்டிமோனாவுக்காக விட்டுவிட்டுப் போன கறுப்பின முதல் மனைவியின் கதை அது.

இந்த நாடகத்தைக் கையில் எடுப்பவர்களுக்கு, குறிப்பாக நடிக்கவிருக்கும் இளைஞர்களுக்கு, என் வேண்டுகோள் இதுதான். முதலில் ‘ஒத்தெல்லோ’வையும் ‘ரோமியோ ஜூலியட்’டையும் வாய்விட்டுப் படியுங்கள். பிறகு மக்டொனால்டைப் படியுங்கள். அந்தக் கையோடு ‘ஹார்லம் டூயட்’டையும் படித்துவிடுங்கள்.