ஆப் உங்களுது... கடை யாருது?

உங்க ஹாஸ்டல்ல அப்படி ஒருத்தராவது இருப்பார் பாஸ். ராத்திரி ரெண்டு மணிக்கு லேப்டாப்பும் கையுமா வந்து, "மச்சி, சூப்பர் ஐடியா... ஒரு ஆப் பண்றோம், லைஃப்ல செட்டில் ஆகுறோம்!"னு உங்க தூக்கத்தைக் கெடுப்பார். ஒருவேளை அந்த ஆள் நீங்களாகவே இருக்கலாம். அப்படின்னா இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்!

நான் தனி ஆளாக ஆப் செய்கிறவன். ஆபீஸ் கிடையாது, டீம் கிடையாது. கோடு எழுதுவது நான், ஐகான் வரைவது நான், "ஓப்பனே ஆகலை, காசைத் திருப்பிக் குடு"ன்னு ஒத்தை ஸ்டார் வாங்கிக் கட்டிக்கொள்வதும் நானே. கோடு எழுதுவதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்வார்கள். இல்லைங்க. எழுதி முடிச்ச பிறகுதான் படமே ஆரம்பம்!

தி.நகர் ரங்கநாதன் தெருவில் பிளாட்பாரக் கடைகளைப் பார்த்திருப்பீங்க. சரக்கு கடைக்காரருடையது. தொண்டை கிழியக் கூவுகிற உழைப்பும் அவருடையது. ஆனால் இடம்? யாராவது வந்து "எடு"ன்னு சொன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஆப் ஸ்டோர்களுக்கும் 'பிளாட்ஃபார்ம்' என்றுதான் பெயர். எவ்வளவு பொருத்தம் பாருங்க!

அட்வான்ஸ், வாடகை, கமிஷன்

ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில் திறந்தது. அதே வருஷம் அக்டோபரில் கூகுளின் ஆண்ட்ராய்டு மார்க்கெட் வந்தது. அதுதான் இன்றைய கூகுள் பிளே. கூகுளில் கடை போட ஒரே ஒரு முறை 25 டாலர் கட்டினால் போதும். ஆப்பிளில் வருஷா வருஷம் 99 டாலர். நம்ம காசுக்கு எட்டாயிரத்தைத் தாண்டும். ஒரு வருஷம் கட்டாமல் விட்டால் உங்க ஆப் கடையில் இருந்து இறங்கிவிடும். இலவச ஆப்பாக இருந்தாலும் சரி. போதாக்குறைக்கு, ஐபோன் ஆப்பை முறைப்படி உருவாக்க மேக் கம்ப்யூட்டர் வேண்டும். வீட்டில் கேட்டுப் பாருங்க, அப்பா முகம் எப்படி மாறுதுன்னு!

அடுத்தது கமிஷன். பல வருஷம் 30 சதவீதம் என்பதே கணக்கு. 100 ரூபாய்க்கு வித்தா 30 ரூபாய் கடைக்கு. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2021-ல் இரண்டு நிறுவனங்களும் சின்ன ஆட்களுக்கு, அதாவது வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் வரை சம்பாதிக்கிறவர்களுக்கு, 15 சதவீதமாகக் குறைத்தன. இந்த விகிதங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அதனால சீனியர் சொன்ன கணக்கை நம்பாம, சேர்கிற அன்னைக்கு இருக்கிற விதியைப் படிங்க.

காசு மட்டுமா? 2023 நவம்பர் 13-க்குப் பிறகு கூகுள் பிளேயில் தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், ஆப்பை வெளியிடும் முன் 20 பேர் தொடர்ந்து 14 நாள் சோதிக்க வேண்டும் என்று விதி வந்தது. 2024 டிசம்பரில் அதை 12 பேராகக் குறைத்தார்கள். ஹாஸ்டல்வாசிகளுக்கு இது ஜுஜுபி. வீட்டில் தனியாக உட்கார்ந்து ஆப் செய்கிறவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்கெல்லாம் போய், "மாமா, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க"ன்னு கெஞ்ச வேண்டியதுதான்.

பெண்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. ஆப் மூலம் காசு பார்க்கும் தனிநபரின் முழு முகவரியும் கூகுள் பிளேயில் எல்லோருக்கும் தெரியும். ஏமாத்துக்காரர்களைப் பிடிக்க இது உதவும் என்பது உண்மை. ஆனால் வீட்டில் இருந்தே வேலை செய்யும் ஒரு பெண்ணின் வீட்டுக் கதவு எண்ணும் அதே பக்கத்தில்தானே இருக்கும்!

23 நாள் அஞ்ஞாதவாசம்

நான் செய்தவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன ஊரின் டவுன் பஸ் நேரம் சொல்லும் ஆப். நெட் இல்லாமலே வேலை செய்யும். பஸ் ஸ்டாண்டில் நின்று, கண்டக்டர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய நேரங்கள். "இது அரசு ஆப் அல்ல" என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன்.

ஒருநாள் காலையில் மெயில். என் ஆப் அரசு அமைப்பு போலத் தோற்றம் தருகிறதாம், எடுத்துவிட்டார்களாம். எந்தக் கடை என்பது வேண்டாம், விடுங்க. முதல் பக்கத்தைப் படம் எடுத்து மேல்முறையீடு அனுப்பினேன். பதில் வந்தது. முதலில் வந்த அதே கடிதம், கீழே பெயர் மட்டும் வேறு. மறுபடி அனுப்பினேன். மறுபடி அதே கடிதம், மூன்றாவதாக ஒரு பெயர். எந்த வரி தப்பு, எந்தப் படம் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. தாலுகா ஆபீஸ்னாகூட ஒரு ஜன்னல் இருக்கும், எட்டிப் பார்த்து "சார்..."னு கூப்பிடலாம். இங்கே அந்த ஜன்னலும் இல்லை.

அதைவிட வலித்தது வேறு. ஒரு நர்சிங் மாணவி, தினமும் என் ஆப்பைப் பார்த்துக் கிளம்புகிறவர், மெயில் போட்டிருந்தார்: "புது போன் வாங்கினேன். ஆப் ஸ்டோர்ல வரலை. காலையில 5.40 வண்டி இன்னும் ஓடுதா அண்ணா?" அவருக்குப் பதில் போட்டேன். அவரிடம் என் மெயில் ஐ.டி. இருந்ததால் போட முடிந்தது. மத்தவங்களுக்கு? என் ஆப்பை யார் இறக்கினார்கள் என்ற விவரத்தைக் கடை எனக்குத் தருவதில்லை. அவர்கள் என் ஆப்பைப் பயன்படுத்துகிறவர்கள்தான். ஆனா கடையோட கஸ்டமர்!

நாலாவது மேல்முறையீட்டுக்குப் பிறகு, 23-ம் நாள் ஆப் திரும்பி வந்தது. ஏன் போச்சு, ஏன் வந்துச்சு... ரெண்டுக்கும் விளக்கம் இல்லை.

கடைகளை மொத்தமாக வில்லன் ஆக்கவும் மனசு வரவில்லை. போலிக் கடன் ஆப்களில் மாட்டி மானம் போனவர்களை நமக்கே தெரியும். யாரும் சரிபார்க்கவில்லை என்றால் அவை இன்னும் பெருகும். சின்ன ஊரில் உட்கார்ந்து செய்த ஆப்பை உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் இறக்கலாம் என்ற வசதியைக் கொடுத்ததும் இதே கடைகள்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. தப்பு எதுன்னு சொல்ல ஒரு மனுஷர் வேணும்!

பெரிய தலைகளும் தப்பவில்லை

2024 மார்ச் 1 அன்று, கட்டணத் தகராறில் பல இந்திய நிறுவனங்களின் ஆப்களை கூகுள் தன் கடையில் இருந்து எடுத்தது. நம்ம சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனியும் அதில் ஒன்று. மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் அவை திரும்பின. இதற்கு முன்பே, 2022 அக்டோபரில், பிளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காக இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டிருந்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. பெரிய நிறுவனத்துக்கு வக்கீல் இருப்பார், அமைச்சர் கூப்பிட்டுப் பேசுவார். உங்களுக்கும் எனக்கும் மெயில் ஐ.டி. மட்டும்தான்.

உங்க கையில் இருக்கிற ஒரே பேப்பர்

கடையின் விதியை அவர்கள் எழுதுகிறார்கள். உங்க கோடுக்கான லைசென்ஸை மட்டும் நீங்க எழுதலாம். ஆனா நம்ம பசங்க அதைத்தான் கண்டுக்கவே மாட்டாங்க!

வி.எல்.சி. பிளேயரில் படம் பார்க்காத ஹாஸ்டல் உண்டா? பாரிஸ் அருகே ஒரு இன்ஜினீயரிங் கல்லூரியில் 1996-ல் மாணவர்கள் தொடங்கிய புராஜெக்ட்டில் இருந்து வளர்ந்தது அது. அதன் லைசென்ஸ் ஜி.பி.எல். 'எடுத்துக்கோ, மாத்து, பிறருக்கும் கொடு, ஆனா அவங்களுக்கும் அதே சுதந்திரத்தைக் கொடு' என்பது அதன் சாரம். ஆப்பிள் கடையின் கட்டுப்பாடுகள் இந்தச் சுதந்திரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று வி.எல்.சி.யை உருவாக்கியவர்களில் ஒருவரே புகார் கொடுக்க, 2011 ஜனவரியில் ஐபோன் ஆப் நீக்கப்பட்டது. பிறகு அவர்கள் கோடு எழுதிய பலரையும் தேடிப்பிடித்து, சம்மதம் வாங்கி, லைசென்ஸை மாற்றி, 2013 ஜூலையில்தான் திரும்பி வந்தார்கள். இரண்டரை வருஷம்!

எதிர்ப்பக்கக் கதை 2048. 'த்ரீஸ்' என்ற விளையாட்டை அதன் படைப்பாளிகள் 14 மாதம் இழைத்து, 2014 பிப்ரவரியில் காசுக்கு வெளியிட்டார்கள். அடுத்த மாதமே, கப்ரியேலே சிருல்லி என்ற 19 வயது இத்தாலிய இளைஞர், அதே வகையில் ஒரு வார இறுதியில் 2048-ஐ எழுதி, இலவசமாக எம்.ஐ.டி. லைசென்ஸில் விட்டார். 'என் பேரையும் லைசென்ஸையும் மட்டும் கூட வெச்சுட்டு என்ன வேணாலும் பண்ணிக்கோ' என்கிற லைசென்ஸ் அது. உலகமே விளையாடியது. வேறு ஆட்களின் 2048 ஆப்களும் கடைகளில் குவிந்தன. அவர் தெரிந்தேதான் கொடுத்தார். நீங்களும் கொடுக்கிறதா இருந்தா தெரிஞ்சு கொடுங்க.

'லைசென்ஸே போடலைன்னா எல்லாருக்கும் ஃப்ரீ'ன்னு ஒரு நினைப்பு இருக்கு. தலைகீழ்! கிட்ஹப்பில் லைசென்ஸ் இல்லாமல் கிடக்கும் கோடின் முழு உரிமையும் எழுதியவருக்கே. அதை உங்க ஆப்பில் ஒட்ட முடியாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் இலவசம், ஆனால் அதன் பெயரைப் போட்டே ஆகணும். திருக்குறள் எல்லாருக்கும் சொந்தம், ஆனால் உரை எழுதியவர் மறைந்து 60 ஆண்டு ஆகவில்லை என்றால், நாட்டுடைமை ஆன நூலா என்று பார்க்காமல் அந்த உரையைத் தொடாதீங்க.

கடை போடும் முன்...

1. ஃபைனல் இயர் புராஜெக்ட்டை நாலு பேர் சேர்ந்து செய்தால், கோடு யாருக்குச் சொந்தம் என்று ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நட்பு இனிக்கும்போதே போடணும், கசந்த பிறகு இல்லை.

2. இன்டர்ன்ஷிப் ஒப்பந்தத்தில் 'நீங்கள் எழுதுவது எல்லாம் எங்களுடையது' என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்க. இருந்தால், உங்க சொந்த ஆப்புக்கு விலக்கு எழுதி வாங்குங்க.

3. ஆப்பில் சேர்க்கும் ஒவ்வொரு லைப்ரரி, எழுத்துரு, படத்தின் லைசென்ஸையும் ஒரு நோட்டில் குறிச்சு வையுங்க.

4. கடைக்கு வெளியே சொந்தமாக ஒரு இணையப் பக்கம் வையுங்க, அதன் முகவரியை ஆப்புக்குள் காட்டுங்க. கடை மூடினாலும் ஆட்கள் உங்களைத் தேடி வரணும்.

5. ஆப் நல்லா ஓடுதுன்னு சும்மா இருக்காதீங்க. புது ஆண்ட்ராய்டு பதிப்புகளுக்கு ஏற்ப அவ்வப்போது மாத்தலைன்னா, புது போன் வாங்குறவங்களுக்கு கூகுள் பிளேயில் உங்க ஆப் கண்ணில் படாது.

இவ்வளவு சொல்றேனே, அப்போ ஆப் பண்ண வேண்டாமான்னு கேட்டா... தாராளமா பண்ணுங்க பாஸ்! நான் இன்னும் பண்றேன். பிளாட்பாரக் கடைக்காரரைக் கவனிச்சீங்களா? சரக்கை என்னைக்கும் அங்கேயே விட்டுட்டுப் போக மாட்டார். ராத்திரி மூட்டை கட்டி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவார். உங்க கோடு, உங்க லைசென்ஸ், உங்களை நம்பி வர்ற நாலு பேரோட தொடர்பு... இந்த மூணும் எப்பவும் உங்க மூட்டையில இருக்கட்டும்!