'நோ சிக்னல்' என்றால் டிவி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள், உங்கள் வீட்டுக்கு உதவும்.

கோவை, பெங்களூர், துபாய் என்று இருக்கும் நீங்கள், மலையில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு ஸ்மார்ட் டிவி வாங்கி அனுப்புகிறீர்கள். சந்தோஷம். அடுத்த வாரமே எனக்குப் போன் வருகிறது. "டீச்சர், பையன் அனுப்பிச்ச டிவி கெட்டுப்போச்சு போல. நோ சிக்னல்னு வருது." தீபாவளிக்குப் பிறகு இப்படி நான்கு வீடுகளுக்குப் போய் வந்தேன். நான்கிலும் டிவி நன்றாகத்தான் இருந்தது.

முதலில் ஏரியல் கதையைச் சொல்லிவிடுகிறேன். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நம் மலைக்குப் படம் வர அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஆயின. வந்த பிறகும், சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் ஏரியலைக் கட்டி, "இப்போ தெரியுதா?" என்று ஒருவர் கத்த, "இல்ல, இன்னும் கொஞ்சம் திருப்பு" என்று வீட்டுக்குள்ளிருந்து இன்னொருவர் கத்துவார்கள். டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். நடுவே மலை நின்றால் பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு வராது.

எதிரொலிப் பாடம் ஞாபகம் இருக்கிறதா? அதேதான் படத்திலும் நடந்தது. எதிர் மலையில் பட்டுத் திரும்பும் அலை 300 மீட்டர் அதிகம் சுற்றி வந்தால், ஒரு மைக்ரோ விநாடி தாமதமாக வரும். 20 அங்குல டிவியில் அது சுமார் 8 மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு உருவமாகத் தெரியும். செய்தி வாசிப்பவருக்கு இரண்டு மூக்கு இருந்தது இதனால்தான்!

புது டிவியின் பின்னாலும் ஏரியல் துளை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பழைய ஏரியல் வயரைச் செருகிப் பார்க்கிறார்கள். தேடித் தேடி 'சேனல் 0' என்று வரும். தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் கோபுர ஒளிபரப்பை, எல்லைப்புறம் போன்ற சில முக்கிய இடங்களைத் தவிர, 2022-க்குள் நாடெங்கும் படிப்படியாக நிறுத்திவிட்டது. கோபுரம் அனுப்பாததை ஏரியல் எங்கிருந்து பிடிக்கும்? கூரைமேல் இருக்கும் அந்தக் கம்பியில் இனி துணி காயப்போடலாம்.

ஆகவே நமக்கு இருப்பது கேபிள் அல்லது டிஷ். மாதக் கட்டணம் வேண்டாம் என்றால் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. அது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. குன்னூரிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து சுமார் 66 டிகிரி உயரத்தில். பாதி வானத்துக்கும் மேலே என்பதால் பெரும்பாலான வீடுகளுக்கு மலை மறைக்காது. மரம் மறைக்கும். போன வருடம் சரியாக வந்தது இந்த வருடம் வரவில்லை என்றால், தென்கிழக்கில் எந்த மரம் வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

இனி, நான் அந்த நான்கு வீடுகளிலும் பார்த்த வரிசையைச் சொல்கிறேன். கீழிருந்து மேலே போங்கள், கூரை கடைசிதான்.

ஒன்று, ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பட்டன். செட்டாப் பாக்ஸ் எச்டிஎம்ஐ 1-ல் மாட்டியிருக்க, டிவி எச்டிஎம்ஐ 2-ஐப் பார்த்துக்கொண்டிருக்கும். கரண்ட் போய் வந்தால் சில டிவிகளில் இது மாறிவிடும். இரண்டு வீட்டில் வியாதி இவ்வளவுதான்.

இரண்டு, வயர். 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டியோடு பலர் இத்தனை வருடம் ஓட்டினார்கள். அதன் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர் பல புது டிவிகளில் நேராகப் பொருந்தாது. அதற்கென்று ஒரு குட்டி இணைப்பு வயர் டிவியோடு வரும். தெர்மாகோலோடு சேர்ந்து அது குப்பைக்குப் போயிருக்கும். பாக்ஸில் எச்டிஎம்ஐ இருந்தால் அந்த வயரே நல்லது.

மூன்று, டிஷ் வயர் நுனியில் இருக்கும் திருகு. மூன்றாவது வீட்டில் அதைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருந்தது. நம் ஊர் ஈரம் வயருக்குள் இறங்கிச் செம்பைத் தின்றுவிடுகிறது. நுனியை வெட்டிப் புதுத் திருகு போட்டதும் படம் வந்துவிட்டது. வீட்டுக்குள் நுழையும் முன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

நான்கு, டிஷ். 60 சென்டிமீட்டர் டிஷ் இரண்டு டிகிரி திரும்பினாலே படம் போய்விடும். காற்று போதும், குரங்கு ஒருமுறை ஊஞ்சலாடினாலும் போதும். நான்காவது வீட்டில் குரங்குதான். இதற்கு ஆள் வைத்துத்தான் செய்ய வேண்டும். அந்த வீட்டு அண்ணனுக்கு 74 வயது. நான் போவதற்குள் பாசி பிடித்த தகரக் கூரையில் ஏணி சாய்த்துவிட்டார். கையைப் பிடித்து இறக்கினேன்.

இன்னொன்று. மூடுபனியால் டிஷ் படம் போகாது. அதன் துளிகள் மிகச் சிறியவை. கனமழையில் போகும், மழை விட்டதும் தானாக வரும். ஆனால் கனமழையில்தான் நமக்குச் செய்தி தேவை. 2009 நவம்பர் நிலச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோரை இழந்த மாவட்டம் இது. அதனால் பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோவும் வாங்கிக் கொடுங்கள்.

"பொதிகையைக் காணோம்" என்றும் சிலர் சொல்கிறார்கள். 2024 ஜனவரியிலிருந்து அதன் பெயர் டிடி தமிழ். அதையும் சொல்லிவையுங்கள்.

இவ்வளவும் எழுதக் காரணம் அந்த மூன்றாவது வீடு. அந்த அம்மா இரண்டு மாதமாக வெறும் திரையைத் துடைத்து வைத்திருந்தார். "பையன்கிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். காசு போட்டு வாங்கினான். நான் எதையோ தப்பா அழுத்திட்டேன்னு நெனைப்பான்." மகன் வாராவாரம் "டிவி நல்லா இருக்காம்மா?" என்று கேட்டிருக்கிறான். அவரும் "நல்லா இருக்குப்பா" என்றே சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஏரியல் கோளாறு என்று ஊருக்கே புரியும். இன்றைய டிவியில் வந்தால் முழுதாக வரும், இல்லையென்றால் கறுப்பாகிவிடும். காரணம் தெரியாததால் பழியைத் தங்கள் மேலேயே போட்டுக்கொள்கிறார்கள்.

அதனால் அடுத்த முறை போனில் "டிவி நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "நேத்து ராத்திரி என்ன பாத்தீங்க?" என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால், பொங்கலுக்கு வரும்போது அரை நாள் ஒதுக்கி மேலே சொன்ன வரிசையில் பார்த்துவிடுங்கள். எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போங்கள்.

உங்கள் வீட்டில் வேறு கோளாறு இருந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்