ஒதுங்கிய கைகள்

உக்ரேனிலிருந்து ருஷ்யப் படைகள் வெளியேற வேண்டுமென்று 2022 மார்ச் 2இல் ஐ.நா. பொதுச்சபை கோரியபோது 141 நாடுகள் ஆதரித்தன, 5 எதிர்த்தன, இலங்கை, இந்தியா உட்பட 35 வாக்களியாது ஒதுங்கின. அணுவாயுதப் போராக விரியுமோவென்று வல்லரசுகள் அஞ்சின. அவ்வச்சம் பொய்யன்று. ஆயினும் எறிகணை விழுந்த வீட்டில், போர் இனி விரிவதற்கு என்ன மிச்சம்?

வன்னியில் வாழும் நாம் இக்கணக்கை முன்னரே கண்டவர்கள். 2008 செப்டெம்பரில், அரசு பணித்ததும் ஐ.நா. பணியாளர் கிளிநொச்சியை விட்டகன்றனர். போகாதீர்களென்று வாயிலில் மன்றாடியோர் எம்மவரே. முள்ளிவாய்க்காலில் வெடியோசை ஓய்ந்து பத்து நாள் கழியுமுன், 2009 மே 27இல், ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை 29 வாக்குகளால் நிறைவேற்றிற்று. ருஷ்யா, சீனா மட்டுமல்ல, நாம் போற்றிய கியூபாவும் ஆதரித்தது.

மேற்கின் கபடத்தைக் காட்டிப் படையெடுப்புக்கு நியாயம் தேடுகின்றனர் நண்பர் சிலர். கபடம் மெய்தான். அதற்காக மரியுபோல் தாயிடம் நாம் என்ன சொல்வது?