கரி எந்த மண்ணுக்கு?

“கரியை உரத்தோடு போட்டால் மண் தேறுமாமே, நமக்கு ஆகுமா?” என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கேட்கிறார்கள். மண் பரிசோதனைச் சீட்டைக் கொண்டு வாருங்கள் என்பதுதான் என் பதில்.

நீலகிரியில் கேரட் போடும் என் மச்சானுடைய நிலம் புளிப்பு மண். கார அமில நிலை 4.8. அங்கே போடும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. கரியோடு இருக்கும் சாம்பல் புளிப்பைக் குறைக்கும். அதன் நுண்துளைகள் உரச்சத்தை மழையில் கரைந்தோடாமல் தாங்கும். ஆனால் வெறும் கரி தழைச்சத்தை இழுத்து வைத்துக்கொண்டு பயிரை வெளுக்க வைக்கும். அதனால் இரண்டு வாரம் சாணிக்கரைசலில் ஊறவைத்துத்தான் மச்சான் போடுகிறார்.

நொய்யல் கரையில் கதை வேறு. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மண்ணில் ஏறிய உப்பு அதோடு இறங்கிவிடவில்லை. என் தோட்டத்தில் கார அமில நிலை 8.4. இதில் சாம்பலோடு கரியைக் கொட்டினால் காரமும் உப்பும் கூடும். எனக்குக் கைகொடுப்பது வடிகாலும், பூக்கும் முன் மடக்கி உழும் தக்கைப்பூண்டும்தான். சோடியம் மிகுந்த நிலமென்றால் ஜிப்சமும் வேண்டும்.

கரி வாங்கும் காசுக்கு முன், மண் பரிசோதனைக்குச் செலவழியுங்கள்.