அச்சில் உள்ளபடியே

பழைய அச்சு நூற்பட்டியலைக் கணினியில் ஏற்ற உட்காரும்போது, எல்லாவற்றையும் இன்றைய வழக்குக்குத் திருத்திவிடத்தான் கை துறுதுறுக்கும். அந்த வேலையை மட்டும் செய்யக் கூடாது என்பது என் கட்சி. அச்சில் இருப்பதை அப்படியே ஏற்ற வேண்டும். திருத்தம் பக்கத்தில் தனியாக இருக்கட்டும். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி நூல்களைத் தேடுகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பெரம்பலூர் 1995இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, அடுத்த ஆண்டே மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்தது. பழைய பட்டியலில் திருச்சிராப்பள்ளி ஜில்லா என்றிருப்பதை அழித்து அரியலூர் மாவட்டம் என்று எழுதினால், அடுத்த முறை எல்லை மாறும்போது எதை நம்பித் திருத்துவது? ஆட்பெயர்களும் அப்படித்தான்: ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் ஐரோப்பியரின் பட்டியல்களில் பெஸ்கி. எந்தப் பெயரில் தேடினாலும் அவர் கிடைக்க வேண்டும்.

ஆண்டுக் கணக்கில்தான் சிக்கல் அதிகம். முகப்பில் 'ஆங்கிரச வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1872ஆகவும் இருக்கலாம், 1932ஆகவும் இருக்கலாம். பார்னெட்டும் போப்பும் தொகுத்து 1909இல் வெளிவந்த பிரிட்டிஷ் மியூசியப் பட்டியலில் அதே பதிப்பு இருக்குமானால் 1932 அடிபட்டுப் போகிறது. எந்தப் பட்டியலிலிருந்து எடுத்தோம் என்பதை கணினி நூற்பட்டியலுக்கான மார்க் (MARC) பதிவின் 510ஆம் புலத்தில் எழுதாமல் விட்டால் இந்தச் சான்று தொலைந்துவிடும். வீரமாமுனிவரின் சதுரகராதிக்கு 1732 என்று போடுவதும் இப்படியொரு ஆண்டுச் சிக்கல்தான். அது இயற்றிய ஆண்டு. நூல் அச்சேறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். பதிப்பாண்டுப் புலத்தில் 1732 என்று அடித்தால் மென்பொருள் மறுபேச்சின்றி வாங்கிக்கொள்ளும்.

வாசகருக்குப் புத்தகம் கிடைத்தால் போதாதா, எதற்கு இரட்டை வேலை என்று கேட்பார்கள். புதுப் புத்தகங்களே நிறைந்த கிளை நூலகத்துக்கு அது நியாயமான கேள்விதான். அங்கே இவ்வளவும் தேவையில்லை. எழுத்துணரி மென்பொருளே படித்துவிடுமே என்பது இன்னொரு வாதம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை வடிவங்களை அது தப்பாகப் படிக்கலாம். சரியாகப் படித்தாலும் புது வடிவத்தில்தான் தரும். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தின் படம் வேண்டும். படம் மங்கலென்றால் தாளே வேண்டும்.

ஆகவே நூலகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தரவேற்றம் முடிந்த கையோடு பழைய பட்டியலை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.