சேராங்கொட்டையும் ஜப்பான் தங்கப் பெட்டியும்

1/ உங்க வீட்லயும் சேராங்கொட்டை இருக்கலாம். அதனால இந்த த்ரெட்டை முழுசா படிங்க.

2/ அருப்புக்கோட்டையில் ஓபி பார்த்துக்கொண்டிருந்த காலம். திருச்சுழி பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு பெரியவர். வலது முழங்காலைச் சுற்றி சிவந்து, கொத்துக் கொத்தாகக் கொப்புளம்.

"ஏதாச்சும் போட்டீங்களா?"

"ஒண்ணும் போடலய்யா."

அக்கி என்று முடிவு செய்து மாத்திரை எழுதினேன்.

3/ நாலாம் நாள் திரும்பி வந்தார். இரண்டு கையிலும் தடிப்பு, கண் இமை வீக்கம். அக்கி பொதுவாக உடம்பின் ஒரு பக்கம்தான் வரும். கூட வந்த பேத்திதான் சொன்னாள்: "மூட்டு வலிக்கு சேராங்கொட்டை எண்ணெய் தேய்ச்சாரு சார். நீங்க ஏசுவீங்கன்னு சொல்லல."

4/ இப்ப ஜப்பானுக்கு வாங்க. கறுப்புப் பளபளப்பின் மேல் தங்கப் பூவேலை செய்த பெட்டிகளைப் படத்தில் பார்த்திருப்பீங்க. அந்த வேலைக்குப் பெயர் மாகி-எ. அந்தக் கறுப்பு, பெயின்ட் இல்லை. உருஷி என்ற மரப்பால். நம்ம அரக்கு பூச்சியிலிருந்து வருவது, இது மரத்தைக் கீறி எடுப்பது. உருஷியால் பூவை வரைந்து, அது இறுகும் முன் தங்கப் பொடியைத் தூவுவார்கள்.

5/ வேடிக்கை என்னன்னா, இது காய ஈரம் வேண்டும். பாலில் உள்ள லாக்கேஸ் என்ற என்சைம் ஈரக்காற்றில்தான் நன்றாக வேலை செய்யும். 70-80% ஈரப்பதம் உள்ள அலமாரியில் வைப்பார்கள். நம்ம சித்திரை வெயிலில் வைத்தால் லேசில் இறுகாது.

6/ பச்சைப் பாலில் இருக்கும் உருஷியால் தோலில் பட்டால் பலருக்கும் கொப்புளம். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் இதில் அவதிப்படுவது சகஜம். முழுசா இறுகிய பிறகு அதே பாத்திரத்தில் சாப்பிடலாம்.

7/ உருஷி, மா, முந்திரி, சேரா நாலும் ஒரே தாவரக் குடும்பம். காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் இருக்கும் பர்மா அரக்குப் பாத்திரங்களும் இதே குடும்பத்து மரப்பால்தான். சேராங்கொட்டை எண்ணெயில் இருப்பதும் உருஷியாலின் பங்காளி. வெளுக்கப் போட்ட துணியில் அழியாத குறி போட உதவியது இதுதான். அந்தக் குறி பட்ட கழுத்தில் தடிப்பு வந்த கதை தோல் மருத்துவ நூல்களில் உண்டு.

8/ தோலில் பட்டால் உடனே சோப்பு போட்டு நிறைய தண்ணீரில் கழுவுங்க. நகத்தடியையும் கழுவுங்க, உடுத்திய துணியையும் துவைங்க. கொப்புளத்தை உடைக்காதீங்க. முகம், கண் வீங்கினால் ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.

9/ பெரியவர் ஸ்டீராய்டு மாத்திரையில் இரண்டு வாரத்தில் தேறினார். தப்பு அவர் மேல் இல்லை. நான் கேட்ட தோரணை அப்படி. இப்போதெல்லாம், "வலிக்கு வீட்ல என்னென்ன செஞ்சு பாத்தீங்கய்யா?" என்று கேட்கிறேன். பதில் வருது.

நீங்களும் மறைக்காதீங்க. நாங்க ஏசினாலும் சொல்லிடுங்க.